பாரிஸ்: ஏப்ரலா, டிசம்பரா, வேறு மாதமா?

வாசகர் கேள்வி, 8 நவம்பர் 2025

அடுத்த ஆண்டு பாரிஸ் போவதாக முடிவு செய்திருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா. வசந்த காலம்தான் பாரிசுக்குச் சிறந்தது என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். மகளுக்கும் அப்போதுதான் முழுஆண்டு விடுமுறை தொடங்கும். எனவே ஏப்ரல் கடைசி வாரம் கிளம்பி மே இரண்டாம் வாரம் திரும்புவதாக உத்தேசம். மனைவிக்குப் பனி பார்க்க ஆசை. டிசம்பர்தான் வேண்டும் என்கிறார். அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: ஏப்ரலா, டிசம்பரா?

8 நவம்பர், மாலை

இரண்டும் வேண்டாம்.

8 நவம்பர், இரவு

காரணம் கேட்டு அதற்குள் இவ்வளவு பேர் கிளம்பிவிட்டீர்கள். சரி, அங்கே வாழ்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

டிசம்பரை முதலில் முடித்துவிடுகிறேன். பாரிசில் பனி பெய்வதே அபூர்வம். பெய்தாலும் மறுநாள் காலைக்குள் சாம்பல் நிறச் சேறாகிவிடும். அங்கே டிசம்பர் என்றால் ஏழெட்டு டிகிரி, பிசுபிசுவென்று தூறல், தாழ்ந்து கிடக்கும் மேகம். பனிக்காகப் போகிறவர்கள் ஆல்ப்ஸ் மலைக்குப் போகட்டும். ரயிலில் சில மணி நேரம்தான்.

ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் என்பது அதைவிடச் சிக்கல். மே 1 அன்று லூவர், ஓர்சே அருங்காட்சியகங்கள், வெர்சாய் அரண்மனை மூன்றுமே மூடியிருக்கும். தெருமுனைகளில் சிறுவர்கள்கூட நின்று வெள்ளை மணிமணியாய்ப் பூத்த 'முகே' கொத்துகளை விற்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆசியாவிலிருந்து விமானம் ஏறி வந்தவருக்கு அந்த ஒரு பூங்கொத்துதான் அன்றைய வரவு. மே 8 இரண்டாம் உலகப்போர் வெற்றி நாள், அதுவும் விடுமுறை. 2026இல் இரண்டுமே வெள்ளிக்கிழமை. அடுத்தடுத்து இரண்டு நீண்ட வார இறுதிகள் என்றால் பிரான்சின் மற்ற ஊர்க்காரர்களும் பக்கத்து நாட்டுக்காரர்களும் பெட்டி கட்டி நேராக எங்கே வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, பிரான்சில் பள்ளி விடுமுறையை மூன்று மண்டலமாகப் பிரித்து விடுவதால் ஏப்ரல் முழுவதும் ஏதாவது ஒரு மண்டலத்துப் பிள்ளைகள் ஊர் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு மே முதல் தேதி காலையில் வந்திறங்கிய ஒரு குடும்பத்தை மதியம்வரை வீட்டில் உட்கார வைத்துத் தயிர்சாதம் போட்டது நினைவிருக்கிறது. மாலையில் சேன் நதிக்கரையில் நடந்தோம். காற்று அடித்த அடியில் அந்த வீட்டு அம்மாள் சேலைமேல் என் கணவரின் கோட்டைப் போட்டுக்கொண்டார். வசந்த காலம் என்ற பெயரைக் கேட்டு யாரும் குளிர் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரலில் காலையில் ஐந்தாறு டிகிரிகூட இருக்கும்.

9 நவம்பர்

"வெயில், மழை, குளிர் எதைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுப்பது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் முதலில் பார்ப்பது வெளிச்சம்.

நம் ஊர்களில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகலின் நீளத்தில் பெரிய வேறுபாடு கிடையாது, அதனால் பயணத் திட்டத்தில் சூரியனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாரிஸ் வட அட்சம் ஏறக்குறைய 49 டிகிரியில் இருக்கிறது. ஜூன் கடைசியில் காலை ஆறு மணிக்கு முன்பே விடிந்து இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பர் கடைசியில் விடிவதே எட்டே முக்காலுக்கு, மாலை ஐந்துக்குள் இருட்டு. ஜூனில் பதினாறு மணி நேரப் பகல், டிசம்பரில் எட்டேகால் மணி நேரம். விமான டிக்கெட் மலிவு என்று குளிர்காலத்தில் போகிறவர் பகலில் பாதியை விட்டுக்கொடுத்துத்தான் அந்த மலிவை வாங்குகிறார்.

பூங்காக்களும் சூரியனைப் பார்த்துத்தான் கதவை மூடுகின்றன. லக்சம்பர்க் தோட்டம் கோடையில் இரவு ஒன்பதரை வரை திறந்திருக்கும். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்தப் பச்சை இரும்பு நாற்காலிகளில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் என்னைக் கேட்டால் பாரிசில் காசில்லாமல் கிடைக்கும் முதல் இன்பம். அம்மாவின் முழங்காலுக்கும் அதுவே மருந்து.

தேதி முடிவு செய்யும்போது ஒரு நாளைச் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள்: அக்டோபர் கடைசி ஞாயிறு. அன்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். சனிக்கிழமை மாலை ஆறரைக்கு மறைந்த சூரியன் ஞாயிறன்று ஐந்தரைக்கே மறைந்துவிடும். ஒரே வார இறுதியில் ஊரே முகம் மாறிப்போகும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஈஃபிள் கோபுரம் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் மினுமினுக்கும். குழந்தைகளுக்கு உயிர் அதில்தான். ஜூனில் அதைக் காட்ட இரவு பதினொரு மணிவரை பிள்ளையை விழிக்க வைக்க வேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கே பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். குளிர்காலத்துக்கு என்னிடமிருந்து இந்த ஒரு மதிப்பெண்.

11 நவம்பர்

மழை பற்றி. லண்டன், பாரிஸ் என்றாலே ஓயாத மழை என்று ஒரு கற்பனை நம்மவர்களிடம் இருக்கிறது. பாரிசில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 640 மி.மீ. சென்னையில் 1,400. வேறுபாடு பெய்கிற விதத்தில் இருக்கிறது: பாரிஸ் மழை பன்னிரண்டு மாதத்துக்கும் கிட்டத்தட்டச் சமமாகப் பங்கு வைக்கப்பட்டிருக்கிறது. பருவமழை என்று ஒன்று அங்கே இல்லாததால், இந்த மாதம் போனால் மழை இருக்காது என்று சொல்ல யாராலும் முடியாது. எனவே மழையை வைத்து மாதம் தேடாதீர்கள். குடை எடுத்துக்கொண்டு போங்கள், வேலை முடிந்தது.

சேன் நதியில் வெள்ளம் வந்தால் படகுச் சவாரி நின்றுபோகும். அதுவும் குளிர்காலத்தில்தான் அதிகம். 1910 ஜனவரி வெள்ளம் பேர் போனது, நீர்மட்டம் 8.62 மீட்டர். 2018 ஜனவரியிலும் கரைப்பாதைகள் மூழ்கின. ஆனால் 2016இல் ஜூன் மாதமே ஆறு மீட்டரைத் தாண்டியது, லூவர் அருங்காட்சியகம் கீழ்த்தளத்துப் பொருள்களை மேலே ஏற்றுவதற்காக மூடப்பட்டது. அல்மா பாலத்தடியில் நிற்கும் படைவீரன் சிலையின் காலைத் தண்ணீர் தொட்டதா, இடுப்புக்கு ஏறியதா என்று பார்ப்பதே பாரிஸ்காரர்களின் வெள்ள அளவுகோல். எந்த மாதம் போனாலும் அவனைப் பார்த்துவிட்டு வாருங்கள், பாவம், அவனுக்கு விடுமுறையே கிடையாது.

16 நவம்பர்

"ஜூலை, ஆகஸ்டைச் சொல்லாமல் நழுவுகிறீர்களே?" நழுவவில்லை. எழுத உட்கார்ந்தாலே வியர்க்கிறது.

நாங்கள் குடியிருந்தது பதினெட்டாம் வட்டாரத்தில், மேல்மாடி. பாரிசின் கூரைகளில் பெரும்பாலானவை துத்தநாகத் தகடு. தூரத்திலிருந்து பார்த்தால் நீலச்சாம்பல் கடல்போல இருக்கும், ஓவியர்கள் அதை வரைந்து தள்ளியிருக்கிறார்கள். அந்தக் கூரை வேலை செய்யும் தொழிலாளர்களின் கைத்திறனை 2024இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. ஏற்கட்டும். அதன் அடியில் ஜூலையில் படுத்துத் தூங்கியவர்கள் அந்தக் குழுவில் இருந்திருந்தால் கையெழுத்து போட்டிருப்பார்களா என்பது சந்தேகம். தகடு பகலெல்லாம் சூடேறி இரவெல்லாம் கக்கும். வீடுகளில் ஏசி கிடையாது. மின்விசிறியும் உத்தரத்தில் இருக்காது. கடையில் போய் வாங்கலாம் என்றால், வெப்ப அலை அறிவிப்பு வந்த நாளே எல்லாம் விற்றுத் தீர்ந்திருக்கும். 2019 ஜூலை 25 அன்று பாரிசில் 42.6 டிகிரி பதிவானது. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பலகைகளைச் சாத்தி இருட்டில் உட்கார்ந்திருந்தோம். வேலூரில் பிறந்து வளர்ந்தவள் நான். வெயில் எனக்குப் புதிதல்ல. வெயிலுக்குத் தயாராக இல்லாத ஊரின் வெயில் புதிது.

2003 ஆகஸ்டு வெப்ப அலையில் பிரான்சில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். வயதான அம்மாவை அழைத்துப் போகிறவர் இதை மறக்கக் கூடாது. 2025 ஜூலை தொடக்கத்திலும் வெப்பத்தால் ஈஃபிள் கோபுரத்தின் உச்சித் தளத்தை மூடினார்கள்.

ஆகஸ்டில் இன்னொரு கூத்து. ஊர்க்காரர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். தெருவில் பாதிக் கடைகளின் இரும்புக் கதவில் 'செப்டம்பர் தொடக்கத்தில் திறப்போம்' என்று தாள் ஒட்டியிருக்கும். முன்பெல்லாம் எல்லா ரொட்டிக்கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் விடுமுறை எடுக்கக் கூடாது, பாதிப்பேர் ஜூலையிலும் பாதிப்பேர் ஆகஸ்டிலும்தான் போகலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. 2015 முதல் அதுவும் இல்லை. எங்கள் தெரு ரொட்டிக்கடை அம்மாள் பதினைந்தாம் தேதியை ஒட்டி மூடினால் மாதம் முடியும்வரை வரமாட்டார். பாரிசை பாரிஸ்காரர்கள் இல்லாமல் பார்ப்பது, கல்யாண வீட்டுக்கு மறுநாள் போய்ப் பந்தல் பிரிப்பதைப் பார்ப்பதுபோல.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை: 1923இல் தடை செய்யப்பட்ட சேன் நதிக் குளியல் 2025 கோடையில் மூன்று இடங்களில் மீண்டும் திறக்கப்பட்டது. பெர்சி, மரி, கிரனேல். மகள் நீச்சல் தெரிந்தவள் என்றால் அது ஒரு காரணம்தான். பிறகு, தேர்.

16 நவம்பர், சற்று நேரம் கழித்து

தேர் என்று எழுதி நிறுத்தியதற்கு இத்தனை கேள்விகளா! லா ஷப்பெல் பகுதியில், ஈழத்தவர்கள் லாச்சப்பல் என்பார்கள், ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த்திருவிழா. ஆகஸ்டு கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். போர்க் காலத்தில் வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் கட்டி எழுப்பிய கோவில். தெருவில் மலைபோலத் தேங்காய் குவித்து உடைப்பார்கள். மஞ்சள் நீர் ஓடும். காவடி ஆடும். வெள்ளைக்கார முதியவர் ஒருவர் ஆண்டுதோறும் மடக்கு நாற்காலியோடு வந்து அதே முனையில் உட்கார்ந்து பார்ப்பார், எனக்கு அவர் முகம்தான் தேரை நினைத்தால் முதலில் வரும். ஆகஸ்டைத் திட்டிக்கொண்டே ஒவ்வோர் ஆண்டும் அந்த ஞாயிறுக்காக நான் ஊரில் இருந்திருக்கிறேன். ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும், ஆலயத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

29 நவம்பர்

லூவர் நுழைவுக் கட்டணம் உயர்கிறது. 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ, அதற்கு முன்புவரை 22. பருவத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. இவ்வளவு கொடுத்து உள்ளே போகிறவர் கூட்டத்தின் முதுகைப் பார்த்துவிட்டு வரக் கூடாது. புதன், வெள்ளி இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அந்த மாலை நேரம் செப்டம்பருக்குப் பிறகு நிம்மதியாக இருக்கும். செவ்வாய் விடுமுறை. ஓர்சேவுக்குத் திங்கள் விடுமுறை. இதை மாற்றி மனப்பாடம் செய்துகொண்டு வாசலில் நின்று சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

2025 அக்டோபரில் லூவரில் நடந்த நகைத் திருட்டுக்குப் பிறகு நகைகளைப் பார்ப்பவர்களைவிடத் திருடர்கள் ஏறிய ஜன்னலைப் படம் எடுப்பவர்கள் அதிகம் என்று நண்பர் எழுதுகிறார். அதற்குக் கட்டணம் இல்லை.

10 டிசம்பர்

குளிர்காலத்துக்காக ஒருவர் நீளமாக வாதாடியிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். டிசம்பரை அல்ல, ஜனவரி நடு முதல் பிப்ரவரி நடு வரை. கிறிஸ்துமஸ் கூட்டம் வடிந்திருக்கும். ஜனவரி முதல் அல்லது இரண்டாம் புதனன்று அரசு குறித்த தள்ளுபடி விற்பனை தொடங்கி நான்கு வாரம் நடக்கும், நல்ல கம்பளிக் கோட்டு அங்கேயே பாதி விலைக்கு வாங்கலாம். ரொட்டிக்கடைகளில் பாதாம் விழுது வைத்த 'கலெத்' வரும். உள்ளே ஒரு சின்னப் பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். வீட்டில் இளைய பிள்ளை மேசைக்கடியில் உட்கார்ந்து எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டும். (முட்டை சேர்த்தது, சைவர்கள் கவனிக்க.)

ஓவியம் பார்க்கவே போகிறவருக்கு பிப்ரவரி மோசமில்லை என்று அவர் சொல்வதும் சரி. ஆனால் ஒரு விதிவிலக்கு: ஒரான்ஜெரி அருங்காட்சியகத்தில் ஓவியர் மோனேயின் அல்லி ஓவியங்கள் உள்ள இரண்டு நீள்வட்ட அறைகளும் கூரைவழி வரும் இயற்கை வெளிச்சத்துக்காகவே அமைக்கப்பட்டவை. பிப்ரவரி மேகத்தில் அவை தூங்குகின்றன. செந்த் ஷப்பெல் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளும் அப்படியே. வெயில் அடிக்கும் காலைப்பொழுதில் உள்ளே நின்றவருக்கும் மேகமூட்டத்தில் நின்றவருக்கும் அது இரண்டு வெவ்வேறு கட்டடம்.

ஆகவே தனியாக, நல்ல காலணியோடு, அருங்காட்சியகப் பசியோடு போகும் ஒருவருக்குக் குளிர்காலம். நான்கு பேர், அவர்களில் ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு ஒன்பது வயது என்றால் என் பதில் மாறவில்லை.

6 ஜனவரி 2026

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "எல்லா மாதத்தையும் அடித்துவிட்டீர்கள். செப்டம்பர்தான் என்கிறீர்களா? மகளின் பள்ளியை என்ன செய்வது?"

காலாண்டு விடுமுறை என்று ஒன்று இருக்கிறதே! செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் சில நாட்கள்வரை. முன்னும் பின்னும் இரண்டொரு நாள் பள்ளியில் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது பாரிசில் மாலை ஏழரைவரை வெளிச்சம், எட்டு மணிக்குக் கோபுரம் மினுமினுக்கும், மகள் தூங்கிவிட மாட்டாள். பகலில் பதினெட்டு இருபது டிகிரி, இரவில் பத்து. ஊர்க்காரர்கள் விடுமுறை முடிந்து திரும்பி, கடைகள் திறந்து, இன்னும் எரிச்சலடையத் தொடங்காத காலம். பாரிசுக்கு வெளியே ஜிவெர்னி என்ற ஊரில் மோனேயின் தோட்டம் நவம்பர் 1 வரை திறந்திருக்கும். செப்டம்பரில் நடுப்பாதையை நஸ்டர்ஷியக் கொடிகள் இரண்டு பக்கமிருந்தும் படர்ந்து மூடியிருக்கும், டேலியாக்கள் முகம் அளவுக்குப் பூத்திருக்கும். வசந்த காலத் தோட்டத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

இழப்பும் உண்டு. மஞ்சள், செம்பழுப்பு இலைகளைப் படங்களில் பார்த்துவிட்டு அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதற்கு அக்டோபர் கடைசி ஆக வேண்டும். செர்ரிப்பூவும் கிடைக்காது. அது ஏப்ரலில், 'சோ' என்னும் பூங்காவில்.

இன்னொரு தொல்லை: அதே வாரங்களில்தான் ஃபேஷன் வாரம். நகரின் நடுவில் ஓட்டல் விலை தாறுமாறாக ஏறும். லூவரைச் சுற்றித் தேடாமல் 12, 13ஆம் வட்டாரங்களில் தேடுங்கள். பதின்மூன்றில் ஆசியக் கடைகள் இருப்பதால் அரிசிச்சோறும் கிடைக்கும். அறை பதிவு செய்யுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, அது எந்த மாடிவரை போகும், அறை கூரைக்கு நேர் அடியிலா. லிஃப்ட் ஐந்தாம் மாடியோடு நின்று, ஆறாம் மாடிக்குச் சுழல்படி ஏற வேண்டிய கட்டடங்கள் அங்கே ஏராளம்.

7 ஜனவரி

விசா. பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். எனவே மார்ச் கடைசியிலேயே உங்களுக்குக் கதவு திறந்துவிடும். கோடைக்குப் போகிறவர்கள் நேரம் பிடிக்க முட்டி மோதும் மே, ஜூனில் போய் நிற்காதீர்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45. எல்லையில் இப்போது கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை வந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே கைரேகை இல்லை, படம் மட்டும். அந்த வரிசைக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

7 ஜனவரி, மாலை

மெட்ரோவில் அம்மாவை ஏற்றாதீர்கள். பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் இல்லை. 14ஆம் வழித்தடம் மட்டும் முழுக்க லிஃப்ட் உள்ளது. 69ஆம் எண் பஸ் ஈஃபிள் கோபுரத்துப் புல்வெளிப் பக்கத்திலிருந்து ஓர்சே, லூவர், பஸ்தீய் என்று ஊரையே காட்டிக்கொண்டு போகும். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கும் காசு மிச்சம். ஆனால் இருட்டிய பிறகு அதில் பாதி இன்பம் போய்விடும். பார்த்தீர்களா, பஸ்ஸிலும் வெளிச்சம்தான்.

19 ஜனவரி

செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 5 வரை என்று முடிவாம். மனைவிக்குப் பனி இல்லை என்பதில் சமாதானம் ஆனதா என்று அவர் எழுதவில்லை.

அக்டோபர் 4 மாதத்தின் முதல் ஞாயிறு: ஓர்சேவுக்கு நுழைவு இலவசம், முன்பதிவு கட்டாயம், இடம் சீக்கிரம் தீரும். கிடைக்காவிட்டால் காசு கொடுத்து வியாழக்கிழமை மாலை போங்கள், இரவு ஒன்பதே முக்கால்வரை திறந்திருக்கும், கூட்டமும் குறைவு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இலவசத்தை விட்டுவிட்டு அதைத்தான் செய்வேன். அதே ஞாயிறு லோன்ஷானில் பெரிய குதிரைப் பந்தயம், அந்தப் பக்கம் டாக்சி கிடைக்காது.

கோட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டுமா என்ற கேள்விக்கு: வேண்டாம். ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் காற்று புகாத மெல்லிய மழைச்சட்டை, அம்மாவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சால்வையும் கம்பளிக் காலுறையும். சேலைக்கு உள்ளே போடக் கணுக்கால்வரை நீளும் உள்ளாடை கிடைக்கிறது, அதை இங்கேயே வாங்கிவிடுங்கள். அங்கே அளவு கிடைப்பது கஷ்டம்.